ஒதுக்கீட்டுக்கும் விடுவிப்புக்கும் இடையே

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன். குடிநீர் வழியே பரவும் நோய்க்கிருமிகளையும், அவற்றில் சில மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போவதையும் ஆராய்வது எங்கள் ஆய்வகத்தின் பணி. இந்தப் பணி முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடக்கிறது. மாணவர்களின் உதவித்தொகை, வேதிப்பொருள்கள், கருவிகள், நீர் மாதிரிகளை எடுத்துவரும் வண்டிச் செலவு ஆகிய எல்லாம் மத்திய அரசின் நிதி முகமைகளிடமிருந்தோ மாநில அரசிடமிருந்தோ வருபவை. ஆகவே, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட் உரையில் அறிவியலுக்கு இத்தனை ஆயிரம் கோடி என்று அறிவிப்பு வரும்போது சக ஆசிரியர்களும் உறவினர்களும் என்னை வாழ்த்துவதுண்டு. அந்த அறிவிப்புக்கும் என் ஆய்வகத்தின் வங்கிக் கணக்குக்கும் இடையே என்னென்ன நடக்கின்றன என்பதை இத்தனை ஆண்டு அனுபவத்திலிருந்து எழுதிவைக்க வேண்டும் என்று நீண்ட காலமாக எண்ணியிருந்தேன். புதிதாக வேலைக்குச் சேரும் இளம் ஆசிரியர்களுக்கும், ஆராய்ச்சி மாணவர்களுக்கும், பொதுச் சேவைகளுக்கான நிதியைக் குறித்து அக்கறை கொண்ட எவருக்கும் இது பயன்படக்கூடும்.

அறிவியல் நிதியைப் பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் ஒரே எண்ணைச் சுற்றியே நடக்கிறது. இந்தியாவின் மொத்த ஆராய்ச்சிச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு, இது 2020-21-ஆம் ஆண்டுக்கான அரசுப் புள்ளிவிவரம். இதை 2 விழுக்காடாக உயர்த்துவோம் என்று 2003-ஆம் ஆண்டின் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கை சொன்னது. 2013-ஆம் ஆண்டின் கொள்கையும் அதையே சொன்னது. 2017 ஆகஸ்ட் 9 அன்று பல நகரங்களில் அறிவியலாளர்கள் ஊர்வலம் சென்றபோது அறிவியலுக்கு 3 விழுக்காடும் கல்விக்கு 10 விழுக்காடும் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் பல அரசியல் முடிவுகள் மறைந்து கிடக்கின்றன. அந்தச் செலவில் பெரும்பகுதி பாதுகாப்பு, விண்வெளி, அணுசக்தி, வேளாண்மை ஆகியவற்றின் அரசு நிறுவனங்களுக்குச் செல்கிறது. நாட்டின் ஆராய்ச்சி மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் படிக்கும் உயர்கல்வித் துறைக்குப் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. மொத்தத் தொகை கூடினாலும் இந்தப் பகிர்வு மாறாவிட்டால் ஒரு மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் எதுவும் மாறாது.

நான் முதலில் கற்றுக்கொண்டது பட்ஜெட் ஆவணத்தைப் படிக்கும் முறை. பட்ஜெட் உரையை விட்டுவிட்டு, செலவின ஆவணத்தில் உரிய துறையின் மானியக் கோரிக்கையை, அதாவது அத்துறை நாடாளுமன்றத்திடம் கேட்கும் தொகைகளின் விவரத்தை, திறந்தால் சில எண்கள் பக்கம்பக்கமாக நிற்கும். முந்தைய ஆண்டில் உண்மையில் செலவானது, நடப்பாண்டுக்கு முதலில் மதிப்பிட்டது, நடப்பாண்டுக்கான திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு என்பவை அவை. நாளிதழ்களில் வருவது கடைசி எண் மட்டுமே. அரசின் உண்மையான முன்னுரிமை திருத்திய மதிப்பீட்டில் தெரியும். 2023-24-ஆம் ஆண்டு பட்ஜெட்டில், ஆராய்ச்சிகளுக்கு நிதி வழங்குவதற்கான புதிய அமைப்பாகிய தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கென 2,000 கோடி ரூபாய் வைக்கப்பட்டது. திருத்திய மதிப்பீட்டில் அது ஏறத்தாழ 258 கோடியாகக் குறைந்தது. அமைப்பே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது என்ற விளக்கம் உண்டு, அது ஓரளவு ஏற்கத்தக்கதும்கூட. அதற்கான சட்டம் 2023-இல் நிறைவேறி, 2024 பிப்ரவரி 5 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் முதல் எண்ணைக் கேட்டு மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது எண்ணைத் தேடிப் பார்த்தார்கள்?

அந்த அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி என்று அறிவித்தபோதும் இதே நிலைதான். அதில் மத்திய அரசின் பங்கு 14,000 கோடி. எஞ்சிய 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்ற அரசு சாராத வழிகளிலிருந்து வர வேண்டும் என்பது திட்டம். இந்தியாவில் ஆராய்ச்சிக்காகத் தனியார் தொழில்துறை செலவிடுவது மொத்தத்தில் ஏறத்தாழ 36 விழுக்காடு மட்டுமே என்பதையும், அதுவும் அவர்களுடைய சொந்த உற்பத்திக்கான செலவே என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த எதிர்பார்ப்பின் எடை புரியும். குடிநீர்க் கிருமிகளைப் பற்றிய என் ஆராய்ச்சியில் விற்பனைக்கான பொருள் எதுவும் இல்லை. அதனால் காப்பாற்றப்படுபவர்கள் வாங்கும் சக்தி இல்லாதவர்கள். இத்தகைய ஆராய்ச்சிக்கு அரசைத் தவிர வேறு புகலிடம் கிடையாது என்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

அடுத்தது, பணம் வரும் காலத்தைப் பற்றியது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆய்வகங்களைத் தொகையின் சிறுமையைக் காட்டிலும் காலத்தின் தாறுமாறே அதிகம் குலைக்கிறது. ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் ஆணை வந்தவுடன் முதல் தவணை வரும். இரண்டாம் தவணையைப் பெற, முதல் ஆண்டின் செலவு விவர அறிக்கையையும் பயன்பாட்டுச் சான்றிதழையும், எங்கள் வழக்கில் யூசி என்பதை, நிதி அலுவலரின் கையொப்பத்துடன் அனுப்ப வேண்டும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. பல்கலைக்கழகத்தின் கணக்குகள் சரிபார்க்கப்பட்டு யூசி கையில் வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும். முகமையில் அந்தக் கோப்பு நகர்ந்து, குறைகள் சுட்டப்பட்டு, திருத்தி அனுப்பி, மீண்டும் நகர்ந்து, அடுத்த தவணை வரும்போது ஆண்டின் கடைசிக் காலாண்டு ஆகியிருக்கும். என் திட்டங்களுள் ஒன்றில் இரண்டாம் ஆண்டுக்கான பணம் மார்ச் மாதத்தில் வந்து சேர்ந்தது. அதை மார்ச் முடிவதற்குள் செலவிட வேண்டும் என்ற குறிப்பும் உடன் வந்தது. பருவம் தவறிப் பெய்யும் மழையைப் போன்றது இந்தப் பணம். கணக்கில் மழையளவு சரியாக இருக்கும், பயிர் கருகியிருக்கும்.

இதில் வருந்தத்தக்க முரண் ஒன்று உண்டு. நிதியாண்டின் கடைசி மாதங்களில் அவசரம் அவசரமாகச் செலவிடுவது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே கூறுகின்றன. 62-ஆம் விதியில் அது இருக்கிறது. கடைசிக் காலாண்டில் பட்ஜெட்டின் 33 விழுக்காட்டுக்கு மேலும், மார்ச் மாதத்தில் மட்டும் 15 விழுக்காட்டுக்கு மேலும் அமைச்சகங்கள் செலவிடக் கூடாது என்பது நிதி அமைச்சகத்தின் அறிவுரை. அமைச்சகங்கள் தம் வரம்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் மேலே பிப்ரவரியில் விடுவிக்கப்பட்ட பணம் பல அலுவலகங்களைக் கடந்து ஆய்வகத்துக்கு மார்ச்சில் வரும்போது அந்த விதியின் பாதுகாப்பு எங்களுக்குக் கிடைப்பதில்லை. 2022 முதல் பல மத்தியத் திட்டங்கள் பூஜ்ய இருப்புக் கணக்கு முறைக்கு மாறின. பணம் எங்கள் கணக்கில் தங்காது. செலவிடுவதற்கான வரம்பு மட்டும் தரப்படும். ஆண்டு முடிவில் பயன்படுத்தாத வரம்பு காலாவதியாகும். எங்கோ வங்கிகளில் அரசுப் பணம் முடங்கிக் கிடக்கக் கூடாது என்ற நோக்கம் சரியானது. ஆனால் ஏப்ரல் முதல் புதிய வரம்பு வரும்வரை ஆராய்ச்சி மாணவருக்கு யார் உதவித்தொகை தருவது என்ற கேள்விக்கு அந்த முறையை வகுத்தவர்கள் போதிய இடம் தரவில்லை.

இந்த நிலையில் நடைமுறையில் உதவியவை சில. கணக்கை ஆண்டு முடிவில் எழுதாமல் மாதந்தோறும் முடித்து, நிதிப்பிரிவில் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டால், யூசி ஏப்ரல் மாதத்திலேயே தயாராகிவிடும். பொது நிதி விதிகள் யூசி தருவதற்கு நிதியாண்டு முடிந்ததிலிருந்து 12 மாதம் அவகாசம் தருகின்றன. அந்த அவகாசத்தை நம்பியவர்கள் எல்லோரும் ஓராண்டு பணத்தை இழந்ததைக் கண்டிருக்கிறேன். கருவிகளுக்கான தொழில்நுட்ப விவரக்குறிப்பை ஒப்புதல் ஆணை வருவதற்கு முன்பே எழுதி, துறைக் குழுவில் ஒப்புதல் பெற்று வைத்திருக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் இருப்போர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: பணம் மத்திய அரசுடையதாக இருந்தாலும், கொள்முதலுக்கு 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் நிதிப்பிரிவு சுட்டிக்காட்டும். இரு விதிகளில் எது எந்தச் செலவுக்குப் பொருந்தும் என்பதை முதல் மாதத்திலேயே எழுத்தில் பெற்றுவிடுவது நல்லது. 2025 ஜூனில் மத்திய செலவினத் துறை அறிவியல் கொள்முதலுக்கான வரம்புகளை உயர்த்தியது. விலைப்புள்ளி கேட்காமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது, அரசின் இணையவழிக் கொள்முதல் தளமான ஜெம்முக்கு வெளியே வாங்க நிறுவனத் தலைவர் அனுமதிக்கவும் வழி கிடைத்தது. இந்த மாற்றம் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காக எழுதிய கடிதங்களின் பலன் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு கை தருவதை இன்னொரு கை எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு 5 விழுக்காடாக இருந்த சலுகை ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டது; பல கருவிகளுக்கு அது 18 விழுக்காடானது. அப்போது எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு குளிர்சேமிப்புக் கருவி வாங்க ஒப்புதல் கிடைத்திருந்தது. விலை மாறவில்லை, வரி மட்டும் கூடியது. ஒப்புதல் தொகை உயராததால் கொள்ளளவு குறைந்த கருவியையே வாங்கினோம். அறிவியல் துறையின் பட்ஜெட்டில் இந்தக் குறைவு எந்த இடத்திலும் தெரியாது, ஏனெனில் அது வரித்துறையின் முடிவு. பின்னர் ஆராய்ச்சி மானியங்களுக்கே ஜிஎஸ்டி கேட்டுச் சில உயர்கல்வி நிறுவனங்களுக்கு அறிவிப்புகள் சென்றபோது பரவலான எதிர்ப்பு எழுந்தது. 2024 செப்டம்பர் 9 அன்று கூடிய ஜிஎஸ்டி மன்றம் அந்த மானியங்களுக்கு விலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. அறிவியல் நிதியைக் காக்க நினைப்பவர்கள் அறிவியல் துறையை மட்டும் கவனித்தால் போதாது என்பதை இந்த இரு நிகழ்வுகளும் எனக்கு உணர்த்தின.

ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகையைப் பற்றி எழுதும்போது என் மனம் கனக்கிறது. இளநிலை ஆராய்ச்சியாளரின் மாதத்தொகை 2014 அக்டோபரில் 16,000 ரூபாயிலிருந்து 25,000 ஆனது. அடுத்த உயர்வு, 31,000 ரூபாயாக, 2019 ஜனவரி இறுதியில் வந்தது. அதற்கு மாணவர்கள் நாடெங்கும் போராட வேண்டியிருந்தது. அதற்கடுத்த 37,000 ரூபாய் 2023 ஜூன் மாத ஆணையில், அவ்வாண்டு ஜனவரி 1-ஐ அடிப்படையாக வைத்து வந்தது. அதே ஆய்வகக் கட்டடத்தில் பணிபுரியும் நிரந்தர ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. விலைவாசி மாணவருக்கும் அதே விலைவாசிதான், ஆனால் அவருடைய தொகை உயர ஒவ்வொரு முறையும் தெருவில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆணை வந்த பிறகும் நடப்பிலுள்ள திட்டங்களில் கூடுதல் தொகைக்கான ஒதுக்கீடு தனியாக வர வேண்டும். அது வராத மாதங்களில், கணவரை இழந்த தாயின் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த என் மாணவி ஒருத்தி, ஆராய்ச்சியை இடையில் நிறுத்திவிட்டுத் தனியார் பரிசோதனைக்கூடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பிரித்தெடுப்பதில் அவளுக்கு இருந்த கைத்திறன் எங்கள் துறையில் வேறு எவருக்கும் இல்லை. நிலுவைத் தொகை பின்னர் முழுமையாக வந்துசேர்ந்தது, அவள் திரும்பவில்லை.

அதன் பிறகு நான் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறேன். புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும், திட்டத்தில் எத்தனை மாத உதவித்தொகைக்குப் பணம் கையில் இருக்கிறது, அடுத்த தவணை எதைப் பொறுத்து வரும், தாமதமானால் பல்கலைக்கழகத்திலிருந்து முன்பணம் பெறும் வழி என்ன என்பவற்றை எழுதிக் கொடுக்கிறேன். திட்டச் செலவில் நிறுவனத்துக்கென வரும் மேல்நிலைச் செலவுத் தொகையில் ஒரு பகுதியை இத்தகைய முன்பணத்துக்கென ஒதுக்கிவைக்குமாறு ஆட்சிக்குழுவிடம் சில துறைகள் சேர்ந்து கேட்டோம். நீண்ட வாதத்துக்குப் பிறகு அது ஏற்கப்பட்டது. தனியாக ஓர் ஆய்வாளர் கேட்டிருந்தால் அது நடந்திருக்காது.

பொதுச் சேவைகளிலும் இதே இயல்பைக் கண்டிருக்கிறேன். எங்கள் ஆய்வு காரணமாக அரசு மருத்துவமனைகளின் பரிசோதனைக்கூடங்களோடு தொடர்ந்து பழகுகிறேன். கோவிட் காலத்தில் அங்கே புதிய ஆர்டி-பிசிஆர் கருவிகள் வந்தன, அறைகள் கட்டப்பட்டன, பணியாளர்கள் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டார்கள். பெருந்தொற்றின் வேகம் தணிந்ததும் அந்த ஒப்பந்தங்கள் முடிந்தன. தமிழ்நாட்டில் அக்காலத்தில் நியமிக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டதும் அவர்கள் போராடியதும் பலருக்கு நினைவிருக்கும். கருவிகள் இருக்கின்றன, அவற்றை இயக்கப் பயிற்சி பெற்றவர்கள் போய்விட்டார்கள். கட்டடமும் கருவியும் மூலதனச் செலவு; திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டு வைக்கலாம். ஊதியம், பராமரிப்பு ஒப்பந்தம், வேதிப்பொருள் ஆகியவை ஆண்டுதோறும் வரும் செலவு. அவற்றுக்குக் கல்வெட்டு கிடையாது. தேர்தலை எதிர்கொள்ளும் எந்த அரசும் முதல் வகையை நோக்கியே இழுக்கப்படும், கட்சி எதுவானாலும்.

செங்கல்பட்டில் உள்ள ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் இதற்குப் பெரும் சான்று. 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2012-இல் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. கிண்டியின் பிசிஜி ஆய்வகம், குன்னூரின் பாஸ்டர் நிறுவனம் ஆகிய பழம்பெரும் பொதுத்துறை நிறுவனங்களின் தடுப்பூசி உற்பத்தி உரிமம் 2008-இல் நிறுத்திவைக்கப்பட்டு, பின்னர் 2010-இல் திரும்ப அளிக்கப்பட்டிருந்த பின்னணியில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டுமானம் பெரும்பாலும் முடிந்தும், இயங்கத் தேவையான கூடுதல் நிதி கிடைக்காததால், 2021-இல் நாடே தடுப்பூசிக்குத் தவித்தபோது அந்த வளாகம் ஒரு குப்பி தடுப்பூசியும் தயாரிக்காமல் நின்றது. அதைத் தமிழ்நாடு அரசிடம் குத்தகைக்குத் தருமாறு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நுண்ணுயிரியல் படித்த ஒருத்தியாக அந்த மாதங்களில் நான் அடைந்த வேதனையை இன்றும் மறக்க இயலவில்லை.

ஆகவே, இப்போது எந்தத் திட்ட முன்மொழிவையும் மதிப்பிடும் குழுவில் அமர்ந்தாலும் நான் முதலில் பார்ப்பது கருவியின் விலையை அல்ல. ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு யார் பொறுப்பு, அதை இயக்குபவரின் ஊதியம் எந்தத் தலைப்பில் வரும் என்பதையே. இவ்விரண்டும் எழுதப்படாத முன்மொழிவைத் திருப்பி அனுப்புமாறு சொல்கிறேன். இளம் ஆய்வாளர்களுக்கு இது கடுமையாகத் தோன்றலாம், ஆனால் பூட்டிக் கிடக்கும் கருவியைவிடச் சிறிய கருவி மேல்.

மத்திய, மாநில உறவும் இதில் பிரிக்க முடியாதது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தேசிய சுகாதார இயக்கத்தின் செலவில் மத்திய அரசு 60 விழுக்காடும் மாநிலம் 40 விழுக்காடும் ஏற்கின்றன. மத்தியப் பங்குக்கு நிபந்தனை விதிக்கப்படும்போது கீழே என்ன நடக்கும் என்பதற்குக் கல்வித்துறை அண்மைய எடுத்துக்காட்டு. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்திலும் அதன் வழியாகத் தேசியக் கல்விக் கொள்கையிலும் சேரத் தமிழ்நாடு மறுத்ததையொட்டி, பள்ளிக் கல்விக்கான மத்தியத் திட்டமாகிய சமக்ர சிக்ஷாவின் 2024-25-ஆம் ஆண்டு நிதி 2,152 கோடி ரூபாய் விடுவிக்கப்படாமல் நின்றது. 2025 மே மாதத்தில் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. கொள்கை பற்றி எவருக்கும் எந்தக் கருத்தும் இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே நடக்கும் ஒரு சேவையின் ஊதியப் பணத்தை வேறொரு கொள்கைக்கான நெம்புகோலாகப் பயன்படுத்துவது தவறு என்பது என் உறுதியான கருத்து. அதன் சுமையைச் சுமப்பவர்கள் அந்தக் கொள்கையை முடிவுசெய்யும் மேசையில் இல்லாத சிறப்பாசிரியர்களும் பிள்ளைகளுமே.

இனி, கேட்கும் முறையைப் பற்றி. அறிவியலுக்கு நிதியைக் கூட்டுங்கள் என்று பொதுவாக எழுதிய கடிதங்களுக்கு எனக்குக் கிடைத்தவை நன்றி தெரிவிக்கும் பதில்கள் மட்டுமே. குறிப்பான கேள்விக்குத்தான் குறிப்பான பதில் வரும். ஒரு முகமையில் பல துறைகளின் தவணைகள் ஒரே நேரத்தில் தேங்கியபோது, நாங்கள் சிலர் சேர்ந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், யூசி பெறப்பட்ட நாளுக்கும் அடுத்த தவணை விடுவிக்கப்பட்ட நாளுக்கும் இடையேயான காலத்தைத் திட்டவாரியாகக் கேட்டோம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. வந்த பதில் முழுமையாக இல்லை. ஆயினும் தாமதம் எங்கள் பல்கலைக்கழகத்தின் குறையால் நேர்ந்தது என்ற வாய்மொழி விளக்கம் அதன் பிறகு எழவில்லை. அந்தப் பதிலையே இணைத்து ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு அனுப்பினோம். மக்களவையில் பெரும்பாலான அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் விவாதமின்றியே மொத்தமாக நிறைவேற்றப்படுவதால், அவையில் எழுத்துவழிக் கேள்வியும், நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட துறைசார் நிலைக்குழுவும்தான் உண்மையில் திறந்திருக்கும் வாயில்கள். அறிவியல் தொழில்நுட்பத்துக்கான நிலைக்குழு பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை தருகிறது. திருத்திய மதிப்பீட்டில் வெட்டப்பட்ட தொகைகளைப் பற்றி அதில் துறை தரும் விளக்கம் வேறெங்கும் கிடைக்காது. அந்த அறிக்கைகள் பொதுவெளியில் இருக்கின்றன.

இவ்வாண்டு எங்கள் துறையின் முதுநிலை மாணவர்களுக்கு, பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், இரண்டு வகுப்புகளை இதற்கென ஒதுக்கினேன். ஒரு மானியக் கோரிக்கையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்து, கடந்த சில ஆண்டுகளில் எந்தத் தலைப்பில் மதிப்பீட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் இடைவெளி மிகுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். அவர்கள் கண்டெடுத்த தலைப்புகளைக் கொண்டு நிலைக்குழுவுக்கு அனுப்ப ஒரு குறிப்பைத் தயாரித்துவருகிறோம். அதில் கோரிக்கைகள் இரண்டு மட்டுமே. உதவித்தொகைக்கான பணத்தை மற்றச் செலவுகளிலிருந்து பிரித்து ஒவ்வொரு நிதியாண்டின் முதல் மாதத்திலேயே விடுவிக்க வேண்டும் என்பது ஒன்று. அகவிலைப்படியைப் போல அதுவும் ஆண்டுதோறும் தானாகத் திருத்தப்பட வேண்டும் என்பது மற்றொன்று.